கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்: சிகிச்சை தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லிவர் மெட்டாஸ்டாசிஸ்' என்று இருக்கும். டாக்டர் அதையே 'செகண்டரிஸ்' என்பார். பக்கத்தில் நிற்கும் உறவினர் "நாலாவது ஸ்டேஜா, அப்ப அவ்வளவுதான்" என்று தீர்ப்பே எழுதிவிடுவார். சில குடும்பங்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள் மறுநாளே எங்கே கீமோ போடலாம் என்று ஓட ஆரம்பிக்கின்றன.

இரண்டுமே அவசர முடிவுகள்தான். முதல் இரண்டு மூன்று வாரங்களில் சரியான பரிசோதனைகளைச் செய்து, சரியான ஆட்களிடம் ஸ்கேனைக் காட்டினால், பிறகு வரும் மாதங்களின் போக்கே மாறலாம். இந்தக் கட்டுரையில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய நிலையைத்தான் விரிவாகச் சொல்கிறேன். பரவிய பிறகும் முழுக் குணம் என்று பேச இடமிருக்கும் சில நோய்களில் அது ஒன்று. மற்ற நோய்களைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம். உங்கள் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவருக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

முதலில்: நோய் எங்கிருந்து கிளம்பியது?

குடலில் தொடங்கி கல்லீரலில் போய் உட்கார்ந்த கட்டி, குடல் புற்றுநோய்தான். அதன் செல்கள் குடல் செல்கள். அதற்கு வேலை செய்யும் மருந்தும் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறு நோய், அதன் மருந்துகளும் வேறு. இணையத்தில் 'லிவர் கேன்சர்' என்று தேடிப் படித்துவிட்டு, அந்த மருந்தை ஏன் எழுதவில்லை என்று டாக்டரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. அந்த நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

கல்லீரலுக்கே ஏன் போகிறது? குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. குடல் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் சந்திக்கும் முதல் பெரிய வடிகட்டி அதுதான். அதனால் குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கல்லீரலிலும் கட்டி இருக்கிறது. பலருக்குப் பின்னாளில் வருகிறது.

மூலக்கட்டி எது என்று உறுதிசெய்வது பயாப்சிதான். குடலில் கட்டி இருந்தால் கொலோனோஸ்கோப்பி வழியாக அங்கிருந்து சதை எடுத்தாலே பெரும்பாலும் போதும். ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் தெளிவாகத் தெரிந்து, அவற்றை வெட்டி எடுக்கும் வாய்ப்பும் இருந்தால், கல்லீரலில் ஊசி போடுவதைப் பல அறுவை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். ஊசி போன பாதையில் செல்கள் சிந்த வாய்ப்புண்டு என்பதே காரணம். ஆகவே கல்லீரல் பயாப்சிக்குத் தேதி கொடுத்தால், "இது அவசியமா, கல்லீரல் சர்ஜன் பார்த்துவிட்டாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூலக்கட்டி எது என்றே தெரியாத நிலையில் மட்டும் கதை வேறு. அப்போது கல்லீரல் பயாப்சிதான் துப்புக் கொடுக்கும்.

ஃபைலைத் தயார் செய்யுங்கள்

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்லீரல் சர்ஜனுக்குத் தாள் போதாது, படம் வேண்டும். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்த இடத்தில் படங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். பயாப்சி செய்த ஆய்வகத்தில் மெழுகில் பதித்த சதைத் துண்டு, 'பிளாக்' என்பார்கள், அதுவும் கண்ணாடித் தகடுகளும் பத்திரமாக இருக்கும். மரபணுப் பரிசோதனைக்கு அந்த பிளாக்தான் தேவை. எழுதிக் கொடுத்துக் கேட்டால் கொடுப்பார்கள்.

குடல் புற்றுநோய் என்றால் அந்த பிளாக்கில் சில சோதனைகள் கட்டாயம் வேண்டும்: கேராஸ், என்ராஸ், பிராஃப் மரபணுக்கள், எம்எஸ்ஐ (செல்லில் மரபணுப் பிழை திருத்தும் அமைப்பு கெட்டிருக்கிறதா என்று காட்டுவது), ஹெர்2 (செல் வளரத் தூண்டும் ஒரு புரதம்). ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தின் அளவு. கூடவே ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனை. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உடலில் அமைதியாகக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், கீமோவின்போது கிளம்பிக் கல்லீரலைப் பதம்பார்க்கலாம். முன்பே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது.

ஸ்கேனில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மருந்து செலுத்தி, கல்லீரலைப் பல கட்டங்களில் படம்பிடிக்கும் சிடி வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பிருந்தால் எம்ஆர்ஐயும் வேண்டும். இவற்றைக் கீமோ தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. சில சுற்றுக் கீமோவுக்குப் பிறகு சிறிய கட்டிகள் படத்திலிருந்து மறைந்துவிடும். கல்லீரலில் கொழுப்பும் படியலாம், அதனால் சிடி மங்கலாகத் தெரியும். படத்தில் மறைந்தது என்றால் உடலில் அழிந்தது என்று பொருளல்ல. அந்த இடத்தில் உயிருள்ள செல்கள் மிச்சம் இருப்பதுண்டு. முதலில் எங்கே இருந்தது என்ற வரைபடம் கையில் இல்லாவிட்டால் சர்ஜன் எதைத் தேடுவார்?

பெட் சிடி, கல்லீரலுக்கு வெளியே வேறெங்காவது நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க உதவும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டிகளையும், சளித்தன்மை கொண்ட கட்டிகளையும் அது தவறவிடலாம். எல்லாவற்றுக்கும் பெட் ஸ்கேன் ஒன்றே போதும் என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. போதாது.

கல்லீரல் சர்ஜன் பார்த்தாரா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, வேறெங்கும் இல்லை, அல்லது நுரையீரலில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கிறது என்றால், முதல் கீமோ ஏறுவதற்கு முன் அந்தப் படங்களைக் கல்லீரல் அறுவையில் தேர்ந்த ஒருவர் பார்க்க வேண்டும். பொது சர்ஜன் போதாது. எடுக்க முடியாது என்று ஓரிடத்தில் சொன்னதை, கல்லீரல் அறுவை தினமும் நடக்கும் இடத்தில் எடுக்கலாம் என்று சொல்வது அபூர்வமில்லை.

பெரிய மையங்களில் இதற்கு 'டியூமர் போர்டு' இருக்கும். கீமோ மருத்துவர், கல்லீரல் சர்ஜன், கதிரியக்க மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் ஒரே மேசையில் படத்தை வைத்துப் பேசுவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல், கல்லீரல் அறுவைப் பிரிவும் பெயர் பெற்றது. "எங்கள் கேஸை டியூமர் போர்டில் வைத்தீர்களா, என்ன முடிவு எழுதினார்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சர்ஜன் பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றைச் சொல்வார்: இப்போதே எடுக்கலாம், கீமோ கொடுத்துச் சுருக்கினால் எடுக்க முடியலாம், எடுக்க வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் திட்டமிடல் மிக முக்கியம். அவர்களைத்தான் அடிக்கடி 'எடுக்க முடியாது' என்ற பட்டியலில் தள்ளிவிடுகிறார்கள்.

எடுக்க முடியுமா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

முன்பெல்லாம் கட்டி நான்குக்கு மேல் இருந்தால் முடியாது என்பார்கள். இன்று எண்ணிக்கையைவிட, எடுத்த பிறகு என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. நல்ல கல்லீரலில் மொத்த அளவில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும். பல சுற்றுக் கீமோ ஏறிய கல்லீரலுக்கு 30 சதவீதமாவது வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிய சிரோசிஸ் இருந்தால் 40. மிஞ்சும் பகுதிக்குள் ரத்தம் போகவும், வெளியே வரவும், பித்தம் வடியவும் வழி இருக்க வேண்டும். அப்படியிருந்தால் பத்துக் கட்டி இருந்தும் எடுப்பதுண்டு. ஒரே கட்டி எல்லாக் குழாய்களும் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் முடியாமலும் போவதுண்டு.

மிஞ்சும் அளவு போதாது என்றால் கல்லீரலை வளர்க்கலாம். எடுக்கப்போகும் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையின் கிளையைக் குழாய் வழியாக அடைத்துவிடுவார்கள். ரத்தம் முழுக்க மறுபக்கம் பாய, அந்தப் பக்கம் நான்கு முதல் ஆறு வாரங்களில் பெரிதாகும். பிறகு அறுவை. இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் அறுவையையே இரண்டு தவணையாகப் பிரிப்பதும் உண்டு.

குடலில் உள்ள மூலக்கட்டியையும் கல்லீரலையும் ஒரே நாளில் எடுப்பதா, முதலில் குடலா, முதலில் கல்லீரலா என்ற கேள்வியும் வரும். மூன்றும் வழக்கத்தில் இருக்கின்றன. குடல் அடைத்துக்கொண்டால் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். மலக்குடல் கட்டிக்குக் கதிர்வீச்சு முடியக் காத்திருக்க வேண்டுமென்றால் கல்லீரலை முந்திக்கொள்வார்கள்.

பலன் என்ன? சரியாகத் தேர்ந்தெடுத்து அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பத்து ஆண்டுகளையும் தாண்டுகிறார். அவர்களில் பெரும்பாலோரைக் குணமானவர் என்றே சொல்லலாம். இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் எங்காவது திரும்புகிறது. திரும்பியதும் கல்லீரலில் மட்டும் என்றால் மறுபடியும் எடுக்கலாம். கல்லீரல் வளரும் உறுப்பு என்பதால் இரண்டாவது, மூன்றாவது அறுவையும் நடக்கிறது.

கீமோ: அளவு தெரிந்து நிறுத்துவதும் சிகிச்சைதான்

குடல் புற்றுநோய்க்கு ஃபால்ஃபாக்ஸ், ஃபால்ஃபிரி என்ற இரண்டு கூட்டு மருந்துகள் அடித்தளம். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த 'போர்ட்' வழியாக இரண்டு நாள் மெதுவாக ஏறும். கேபாக்ஸ் என்பது மூன்று வாரச் சுற்று. ஒரு நாள் ஊசி, பதினான்கு நாள் கேப்சிடாபின் மாத்திரை. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அலைச்சல் குறைவு என்பதால் இதைத் தேர்ந்தெடுப்பதுண்டு.

இவற்றோடு சேர்ப்பதைத்தான் மரபணுச் சோதனை முடிவு செய்கிறது. ராஸ் மரபணுக்கள் (கேராஸ், என்ராஸ்) மாறாமல், கட்டியும் குடலின் இடப்பக்கத்தில் இருந்தால் செடுக்ஸிமாப் அல்லது பனிடுமுமாப் நன்றாக வேலை செய்யும். முகத்தில் பரு மாதிரித் தடிப்பு வரும், அது எதிர்பார்த்ததுதான். ராஸ் மாறியிருந்தால் இந்த இரண்டும் பயன்படாது, காசும் வீண். அங்கே பெவாசிஸுமாப் சேர்ப்பது வழக்கம். பிராஃப் மாறியவர்களுக்கும், ஹெர்2 அதிகம் உள்ளவர்களுக்கும் தனி மருந்துகள் வந்துவிட்டன. பரவிய குடல் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு எம்எஸ்ஐ உயர்ந்திருக்கும். அவர்களுக்குக் கீமோவை விட பெம்ப்ரோலிஸுமாப் போன்ற, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து நோயை நீண்டகாலம் அடக்கி வைத்தது என்று 2020-இல் வெளியான கீநோட் 177 ஆய்வு காட்டியது. விலை மிரட்டும். ஆனாலும் அந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். எம்எஸ்ஐ உயர்ந்திருந்தால் அது குடும்பத்தில் வரும் நோயாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது முன்னெச்சரிக்கை.

அறுவைக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'நல்லா வேலை செய்யுது, இன்னும் நாலு சுற்று போடலாம்' என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கும். ஃபால்ஃபாக்ஸ், கேபாக்ஸ் இரண்டிலும் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் கல்லீரலின் நுண்ணிய ரத்த நாளங்களைப் புண்ணாக்கும். ஃபால்ஃபிரியில் உள்ள இரினோடிகன் கொழுப்பையும் அழற்சியையும் கொண்டுவரும். சுற்றுகள் ஏற ஏற, மிஞ்சப்போகும் கல்லீரல் பலவீனமாகும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, எடுக்கக்கூடிய நிலை வந்ததுமே சர்ஜனிடம் போவதுதான் முறை. பெவாசிஸுமாப் காயம் ஆறுவதைத் தடுக்கும். கடைசி டோஸுக்கும் அறுவைக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு வாரம் விடுவார்கள். முதலிலேயே எளிதாக எடுக்கக்கூடிய ஒன்றிரண்டு சிறிய கட்டி என்றால், கீமோ இல்லாமல் நேராக அறுவைக்குப் போவதும் ஏற்கத்தக்க வழிதான். அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போனது. ஆயுள் கூடியது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பைத் தொட்டாலே விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும், குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்கும். வெந்நீரும் காலில் சாக்ஸும் போதும். விரல் மரத்துப்போவது அடுத்த சுற்று வரை மாறாமல் இருந்தால், சட்டைப் பட்டன் போடவே தடுமாறினால், உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டால் நிரந்தரமாகிவிடும். கேப்சிடாபின் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். இரினோடிகன் வயிற்றுப்போக்கு சும்மா விடாது. லோபெரமைட் மாத்திரை வீட்டில் இருக்கட்டும், எப்படிப் போடுவது என்று முன்பே எழுதி வாங்குங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்பது இங்கே ஆபத்து. வெள்ளணு குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

கேப்சிடாபின், ஃபால்ஃபாக்ஸிலும் ஃபால்ஃபிரியிலும் உள்ள ஃப்ளூரோயுராசில் இரண்டையும் உடைக்கும் நொதி சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சுற்றே கடுமையாகத் தாக்கும். டிபிஒய்டி என்ற சோதனை அதைக் காட்டும். முன்கூட்டியே செய்யலாமா என்று கேளுங்கள்.

வெட்டாமல் செய்பவை

மூன்று சென்டிமீட்டர் வரையிலான கட்டியை ஊசி குத்தி, மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் எரித்துவிடலாம். இது அறுவைக்கு இரண்டாந்தரமான மாற்று என்றுதான் பல காலம் நினைத்தார்கள். நெதர்லாந்தில் தொடங்கிய கொலிஷன் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. மூன்று சென்டிமீட்டருக்குள் உள்ள குடல் புற்றுநோய்க் கட்டிகளில், எரிப்பது அறுவையைவிட மோசமில்லை, சிக்கல்களும் குறைவு என்று அதில் தெரிந்தது. பெரிய ரத்தக் குழாய்க்கோ பித்தநாளத்துக்கோ ஒட்டிய கட்டியில் மட்டும் கவனம் வேண்டும். ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துவிடும், பித்தநாளமோ வெந்துவிடும். பெரியதை வெட்டி, சிறியதை எரித்து, ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பதும் நடக்கிறது.

குறியாகப் பாய்ச்சும் கதிர்வீச்சு, எஸ்பிஆர்டி, மூன்று முதல் ஐந்து அமர்வில் முடியும். ஊசி எட்டாத இடத்துக்கும், மயக்க மருந்து தாங்காத உடலுக்கும் இது உதவும்.

அடுத்தவை கல்லீரல் தமனி வழியாகப் போகும் சிகிச்சைகள். கல்லீரலுக்கு ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை தருகிறது. கட்டிகளோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைத்தான் உறிஞ்சி வளர்கின்றன. அதனால் தமனி வழியாகக் கொடுப்பது கட்டிக்கு அதிகமும் கல்லீரலுக்குக் குறைவுமாகப் போய்ச்சேரும். மருந்து தோய்த்த மணிகளைச் செலுத்தி அடைப்பது ஒரு வகை, டேஸ் என்பார்கள். இட்ரியம் 90 என்ற கதிரியக்கத் துகள்களை அனுப்புவது இன்னொரு வகை, டேர் என்பார்கள். டேருக்கு முன் ஓர் ஒத்திகை ஆஞ்சியோகிராம் செய்து, துகள்கள் நுரையீரலுக்குக் கசியுமா என்று பார்ப்பார்கள். முதல் கட்டக் கீமோவோடு டேரையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை. அந்த முடிவு 2017-இல் வந்தது. பல லட்சம் செலவாகும் இந்தச் சிகிச்சையை முதல் மாதத்திலேயே யாராவது பரிந்துரைத்தால் இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள். கீமோ கைவிட்ட பிறகு, நோய் கல்லீரலில் மட்டும் இருக்கும்போது இதற்கு இடமுண்டு.

மாற்றுக் கல்லீரலைப் பற்றியும் கேட்பார்கள். பரவிய நோய்க்கு மாற்று அறுவையே கிடையாது என்றுதான் பல ஆண்டுகள் சொன்னார்கள். நார்வேயில் தொடங்கிய முயற்சிகளுக்குப் பிறகு, பிரான்ஸ் தலைமையில் நடந்த டிரான்ஸ்மெட் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. கீமோவோடு மாற்று அறுவைக்கும் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறக்குறைய 57 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 13. பெரிய வித்தியாசம். ஆனால் அவர்கள் சலித்தெடுத்த 94 பேர்: 65 வயதுக்குள், மூலக்கட்டியை எடுத்தாகிவிட்டது, கல்லீரலுக்கு வெளியே நோய் இல்லை, பிராஃப் மாறவில்லை, கீமோவுக்குக் கட்டிகள் மாதக்கணக்கில் அடங்கியிருந்தன. இந்த நிபந்தனைகளைச் சொல்லாமல் மாற்று அறுவை செய்யலாம் என்று யாராவது கை நீட்டினால் விலகிவிடுங்கள்.

குடல் அல்லாத நோய்கள்

மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கு வந்தால் முடிந்தவரை அங்கே ஒரு பயாப்சி எடுத்து ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-வும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய முடிவிலிருந்து மாறியிருக்கலாம். ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்றவை, ஹெர்2 இருந்தால் டிராஸ்டுசுமாப் வகைகள். பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோ எண்டோகிரைன் கட்டி மெதுவாக வளரும் வகை. கல்லீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தும் ஆண்டுக்கணக்கில் நடமாடுபவர்கள் உண்டு. ஆக்ட்ரியோடைடு மாத ஊசி, லுடீஷியம் 177 கதிரியக்க மருந்து, கட்டியின் பெரும்பகுதியை எடுப்பது எல்லாம் இதில் உண்டு. இதற்குச் சாதாரண பெட் ஸ்கேனைவிட டோட்டாடேட் பெட் ஸ்கேன்தான் சரியானது. இரைப்பை, குடல் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் கட்டிக்கு இமாடினிப் மாத்திரை. நுரையீரல் என்றால் இஜிஎஃப்ஆர், ஆல்க் மரபணுச் சோதனை முடிவு வராமல் கீமோவுக்கு அவசரப்பட வேண்டாம்.

கணையம், பித்தப்பை இரண்டும் கடினமானவை. கல்லீரலில் பரவியபின் அறுவை செய்வதால் பொதுவாக லாபமில்லை. கீமோவும் வலி நிவாரணமும்தான் சிகிச்சை. இங்கே 'ஆபரேஷன் செய்துவிடலாம்' என்று நம்பிக்கை கொடுப்பவரிடம்தான் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டும்.

பணமும் காகிதமும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். நோய் தெரிந்த அன்றே இதைத் தொடங்குங்கள். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு ஓடுவது சிரமம். எல்லா மருந்தும், எல்லாச் சிகிச்சையும் திட்டத்தில் வராது. மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பெவாசிஸுமாப், டிராஸ்டுசுமாப் போன்றவற்றுக்கு இந்தியாவில் தயாராகும் பயோசிமிலர்கள், அதாவது அசலை ஒத்த மருந்துகள், கிடைக்கின்றன; அசல் நிறுவன மருந்தைவிட விலை குறைவு. அவற்றை டாக்டரே சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

நேரில் மும்பைக்குப் போக முடியாதவர்கள், டாடா மெமோரியலோடும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்போடும் சேர்ந்து இயங்கும் நவ்யா என்ற இணையச் சேவையில் ரிப்போர்ட்களை ஏற்றி நிபுணர் கருத்துப் பெறலாம்.

சாப்பாடு, நாட்டு மருந்து, மஞ்சள் காமாலை

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பார்கள். பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் செலுத்துவதைப் பார்த்துக் கிளம்பிய கதை போலிருக்கிறது. பட்டினி கிடப்பது நோயாளிதான். உடல் எடை குறைந்தால் கீமோவும் தாங்காது, அறுவையும் தாங்காது. முட்டை, மீன், பருப்பு, தயிர் எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளையாகக் கொடுங்கள். மது முற்றிலும் வேண்டாம்.

கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த நோயில் மஞ்சள் காமாலை வந்தால் கட்டி பித்தநாளத்தை அழுத்தியிருக்கலாம். அப்படியானால் ஸ்டென்ட் வைத்து அடைப்பை எடுத்தால்தான் தீரும். கஷாயத்துக்காகப் போகும் இரண்டு வாரத்தில் கிருமி ஏறிவிடும். கீமோ நடக்கும்போது சூரணம், லேகியம் எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை. கல்லீரல் நொதிகள் ஏறினால் காரணம் தேட அது தெரிய வேண்டும். கல்லீரல் பலவீனமானவர்களுக்குப் பாரசிட்டமாலும் ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு மேல் போகக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

வலி நிவாரணம் கடைசிக்கு இல்லை

வலியையும் தொந்தரவுகளையும் குறைக்கும் பேலியேட்டிவ் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2010-இல் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பிரிவையும் சேர்த்தவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சற்று அதிக காலமும் வாழ்ந்தார்கள். கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடும் வலிக்கு டெக்ஸாமெத்தசோன் நன்றாகக் கேட்கும். மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். 2014-இல் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்கு அது கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறார்கள். மார்ஃபினோடு மலச்சிக்கல் மருந்தையும் சேர்த்தே வாங்குங்கள். வயிற்றில் நீர் கோத்தால் ஊசி வழியாக வடிக்கலாம்.

"அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று டாக்டரிடம் கெஞ்சும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றுக் கீமோவில் முடி கொட்டும்போது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைப் பேச ஆளில்லாமல் அவர் தனியாக வைத்துக்கொள்வார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நிலம், வங்கிக் கணக்கு, பேத்தி கல்யாணம் என்று அவர் முடிவு செய்ய வேண்டியவையும் இருக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகு

கல்லீரல் அறுவை முடிந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஇஏவும் சிடி ஸ்கேனும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டு வரை. கொலோனோஸ்கோப்பி ஓராண்டில் ஒன்று. சிஇஏ சற்றே கூடினால் பதற வேண்டாம். புகை பிடித்தாலும் கூடும், கல்லீரல் அழற்சியிலும் கூடும். சில வாரம் விட்டு அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். தொடர்ந்து ஏறினால், சிடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பெட் சிடியும் கல்லீரல் எம்ஆர்ஐயும் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லீரல் சர்ஜனிடமே போங்கள்.